நகக்குறி இல்லையென்றால் சிறுத்தையா?

கேள்வி இதுதான்: குளத்தோரம் காய்ந்துகொண்டிருக்கும் சேற்றில் நான்கு விரல் பதிந்த ஒரு தடம். அகலம் ஏறக்குறைய 8 செ.மீ. நகக்குறி எதுவும் காணோம். பூனை இனம் நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், நாயால் அது முடியாது. அப்படியானால் இது சிறுத்தைதானே? கூடவே ஒரு படமும் வந்திருக்கிறது.

படத்துக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்த நகக் கணக்கை ஒதுக்கி வைத்துவிடலாம். தடம் பார்க்கப் பழகுகிற எல்லோரும் முதலில் கற்பது அதைத்தான், அதிகம் ஏமாறுவதும் அதில்தான். நான் தடத்தருகே குந்தினால் நகத்தைக் கடைசியாகத்தான் பார்க்கிறேன்.

காரணம் சொல்கிறேன். பூனை சும்மா இருக்கும்போது அதன் நகம் மேலே தூக்கி மடங்கியே இருக்கும். ஒரு மீள்தன்மையுள்ள நார் அதை அப்படிப் பிடித்து வைத்திருக்கிறது. நகத்தை நீட்டத்தான் பூனை தசையை இழுக்க வேண்டும். அதனால் நிதானமாக நடந்துபோன சிறுத்தையின் தடத்தில் நகம் இருக்காது, அதுவரை சரி. ஆனால் வழுக்குச் சேற்றில் கால் சறுக்கினால், செங்குத்தான கரையில் ஏறினால், பாய்ந்தால், நகம் வெளியே வரும், மண்ணிலும் பதியும். சிவிங்கிப்புலியின் (சீட்டா) நகம் முழுதாக உள்ளே போவதே இல்லை. அது பூனைக் குடும்பம்தான், ஆனாலும் அதன் தடத்தில் நகம் தெரிவது வழக்கம். மீன்பிடிப் பூனைக்கும் நகம் முழுதாக மறையாது.

நாயின் பக்கம் வாருங்கள். கெட்டியான தரையில் தினமும் ஓடித் தேய்ந்த நகம், வெட்டிவிட்ட நகம், மெல்லிய புழுதி மட்டுமே படிந்த பாதை: இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் நகக்குறி விழாமல் போகலாம். விழுந்தாலும் தடத்தில் முதலில் அழிவது அதுதான். சின்னக் குழி என்பதால் ஒரு தூறலோ ஓரிரவுக் காற்றோ போதும், மூடிவிடும். ஆகவே நகம் ‘இல்லை’ என்பது பலவீனமான சாட்சி. ‘இருக்கிறது’ என்பது அதைவிடப் பலமானது, ஆனால் எப்படிப்பட்ட நகம் என்று பார்க்க வேண்டும். நாயின் நகம் விரலுக்கு நேர் முன்னால் மழுங்கிய குழியாக இருக்கும். பூனையின் நகம் பட்டிருந்தால் ஊசியால் குத்தியது போல, அல்லது கத்தி முனையால் கீறியது போல மெல்லியதாக இருக்கும். பெரும்பாலும் சுற்றிலும் மண் சறுக்கிய அடையாளமும் சேர்ந்தே இருக்கும்.

சரி, முதலில் எதைப் பார்ப்பது? விரல்களுக்குப் பின்னால் இருக்கும் பெரிய சதைப்பகுதியை. இதற்கு ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள், நான் திண்டு என்று சொல்கிறேன். நாயின் திண்டு முக்கோணம் போன்றது. முன்பக்கம் ஒரே ஒரு மேடாகக் குவிந்திருக்கும், பின்பக்கம் நடுவில் உள்வாங்கி இரண்டு புடைப்பாகப் பிரியும். பூனையின் திண்டு அகலமானது. முன்விளிம்பு கூராகக் குவியாமல் தட்டையாக, நல்ல மண்ணாக இருந்தால் நடுவில் லேசாகப் பள்ளம் விழுந்து இரண்டாகத் தெரியும். பின்விளிம்பில் மூன்று புடைப்பு. மொத்தத் தடத்தில் திண்டு பிடிக்கும் இடத்தையும் பாருங்கள். பூனையின் விரல்கள் சின்னவை, திண்டு பெரியது. நாயின் திண்டு அந்த அளவுக்கு விரல்களைச் சின்னதாக்கிக் காட்டாது.

அந்த மூன்று புடைப்பும் எல்லா மண்ணிலும் தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். உலர்ந்த மணலில் பின்விளிம்பு சரிந்து ஒரே வளைவாகிவிடும். இறுகத் தொடங்கிய நயமான வண்டல், அல்லது ஈரமண் மேல் படிந்த சன்னப் புழுதி, இவற்றில்தான் அது கச்சிதமாக விழும். மணலில் நிற்கிறீர்கள் என்றால் அடுத்த அடையாளத்துக்குப் போய்விடலாம்.

எனக்கு மிகவும் பிடித்த அடையாளம், மண்ணில் பதிந்ததைப் பார்க்காமல் பதியாமல் மிஞ்சியதைப் பார்ப்பது. விரல்களுக்கும் திண்டுக்கும் நடுவே அழுத்தம் படாத மண் மேடாக நிற்கும். நாயின் தடத்தில் அந்த மேடு பெருக்கல் குறி போல இருக்கும். நான்கு கைகளும் சேரும் நடுவிடத்தில் மண் சின்னக் குன்றாக எழும்பியிருப்பதையும் பார்க்கலாம். பூனையின் தடத்தில் அது பிறை. திண்டின் முன்விளிம்பைச் சுற்றி வளைந்து போகும். சந்தேகமாக இருந்தால் இரண்டு ஈர்க்குச்சி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் வெளிவிரலுக்கும் திண்டுக்கும் இடையே தொடங்கி, நடுவைக் கடந்து, எதிர்ப்பக்கம் நடுவிரலுக்கும் வெளிவிரலுக்கும் இடையே வெளியே வரும்படி ஒரு குச்சியைச் சாய்வாக வையுங்கள். இரண்டாவதை அதற்கு எதிர்ச்சாய்வில் வையுங்கள். நாயின் தடமென்றால் இரண்டு குச்சியும் விரலையோ திண்டையோ மிதிக்காமல் மேட்டின் மேலேயே படுத்துக்கொள்ளும். பூனையின் தடமென்றால் திண்டின் தலையை வெட்டிக்கொண்டுதான் போகும். நகமே இல்லாத தடத்திலும் இந்தச் சோதனை நடக்கும், அதுதான் இதன் அருமை. தடத்தைக் குச்சியால் கெடுக்க மனமில்லை என்றால் படமெடுத்து அதன்மேல் கோடு போட்டுப் பாருங்கள்.

அடுத்தது சமச்சீர். உங்கள் வலது கையை உள்ளங்கை கீழே இருக்கும்படி மேசைமேல் வைத்துக் கட்டைவிரலை மட்டும் மடக்குங்கள். மிச்சம் நான்கு விரல். நடுவிரல் தனியாக முன்னே நிற்கிறது, சுண்டுவிரல் நன்றாகப் பின்தங்கி இருக்கிறது. ஏறக்குறைய இதுதான் பூனையின் வலது காலடி. பூனைக்கும் நாய்க்கும் முன்னங்காலில் ஐந்தாவது விரல் உண்டு, ஆனால் அது காலில் மேலே இருப்பதால் சாதாரண நடையில் தரையைத் தொடாது. தரையில் விழுவது நம் ஆள்காட்டி விரல் முதல் சுண்டுவிரல் வரையிலான நான்கும்தான். அதனால் பூனையின் தடத்தில் ஒரு விரல் மற்றவற்றை முந்தி நிற்கும், ஒன்று பின்வாங்கி நிற்கும், தடமே ஒரு பக்கம் சாய்ந்தது போல இருக்கும். முந்தி நிற்கும் விரல் இடமிருந்து இரண்டாவது என்றால் வலது கால், வலமிருந்து இரண்டாவது என்றால் இடது கால். நாயின் தடத்தை நடுவில் கோடு போட்டு மடித்தால் இரண்டு பாதியும் ஏறத்தாழ ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். நடு இரண்டு விரல்கள் ஜோடியாக முன்னே, வெளி இரண்டும் ஒரே மட்டத்தில் பின்னே. ஒரு தடத்தைப் பார்த்ததும் ‘இது இடது கால்’ என்று தயங்காமல் சொல்ல முடிந்தால் அது பூனையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வட்டம் பூனை, நீள்வட்டம் நாய் என்று ஒரு சூத்திரம் உண்டு. தவறில்லை, ஆனால் துணைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பூனையின் முன்னங்கால் தடம் வட்டம், சில நேரம் நீளத்தைவிட அகலம் கூடுதல். பின்னங்கால் சின்னதாக, சற்றே நீண்டு இருக்கும். ஓநாய், நரி போன்ற காட்டு நாயினங்களின் விரல்கள் நெருக்கமாகச் சேர்ந்து தடம் முட்டை வடிவில் இறுக்கமாக இருக்கும். குழப்புவது வீட்டு நாய்தான். அதன் விரல்கள் தளர்ந்து விரியும், இளகிய சேற்றில் இன்னும் விரியும், கனத்த நாயின் முன்னங்கால் கிட்டத்தட்ட வட்டமாகவே விழும். மனிதன் வளர்த்து வளர்த்து அத்தனை வடிவமாக்கிவிட்ட விலங்கின் காலுக்கு ஒரே அச்சு இருக்க முடியாது.

அளவைச் சொல்லும்போதுதான் பலரும் பதற்றப்படுகிறார்கள். வீட்டுப் பூனையின் தடம் சுமார் 3 செ.மீ. அகலம், நரி ஏறக்குறைய 5 செ.மீ. நீளம், சிறுத்தை பெரும்பாலும் 7 முதல் 9 செ.மீ. அகலம், வளர்ந்த புலி 10 செ.மீ.க்கு மேல். ஆனால் பெரிய இன நாயின் தடமும் 8, 9 செ.மீ. வரும். அதனால் அளவு நாயா பூனையா என்று சொல்லவே சொல்லாது. பூனை என்று வடிவத்தை வைத்து முடிவான பிறகு, எந்தப் பூனை என்று கேட்கத்தான் அது உதவும். அங்கேயும் விதிவிலக்கு உண்டு. லின்க்ஸ் என்ற பனிக்காட்டுப் பூனை, அமெரிக்கக் கண்டத்துப் பெரிய பூனையான பூமாவைவிட எடையில் மிகச் சிறியது, ஆனால் பனியில் நடக்க வாகான அகலப் பாதம் என்பதால் அதன் தடம் பூமாவின் தடத்தோடு போட்டி போடும். பாதம் முழுக்க ரோமம் இருப்பதால் விளிம்புகள் மங்கித் தெரிவதுதான் அதைக் காட்டிக்கொடுப்பது.

எங்கிருந்து எங்கே அளப்பது என்பதும் முக்கியம். சேற்றுத் தடத்துக்குத் தரையும் உண்டு, சுவரும் உண்டு. பாதம் உண்மையில் உட்கார்ந்த சமதளம் தரை. அதைச் சுற்றி மேலே ஏறும் சரிவு சுவர். சுவரின் மேல்விளிம்பை அளந்தால் நாய்கூடப் புலியாகிவிடும். தரையை மட்டும் அளந்தால் மண் இளகினாலும் இறுகினாலும் எண் அதிகம் மாறாது. உருகும் பனியில் இன்னும் மோசம், வெயில் ஏற ஏறத் தடம் விரிந்துகொண்டே போகும்.

இவ்வளவும் ஒற்றைத் தடத்துக்கு. ஒற்றைத் தடத்தோடு நின்றுவிட்டால் பாதி வேலைதான் ஆகியிருக்கிறது. எனக்கு இது புரிந்தது ஒரு அவமானத்தில்தான். பல வருடங்களுக்கு முன், மண்பாதையின் நடுவில் அழகாக விழுந்திருந்த ஒரு தடத்தைப் பார்த்துவிட்டு, நகம் இல்லை, பெரியது, வட்டமாக இருக்கிறது என்று கூட வந்தவர்களிடம் சிறுத்தை என்றே அடித்துச் சொன்னேன். ஒருவர் மட்டும் ஒன்றும் பேசாமல் தடத்தின் வழியே முன்னால் நடந்தார். நாற்பது அடி தள்ளி நின்று கூப்பிட்டார். அங்கே மண் சற்று ஈரம். அதே தடங்கள், ஒவ்வொன்றிலும் நகம், பக்கத்திலேயே ஒரு ஜோடிச் செருப்புத் தடம். செருப்பு திரும்பிய இடத்தில் இதுவும் திரும்பியிருந்தது, செருப்பு நின்ற இடத்தில் இதுவும் நின்று வட்டமடித்திருந்தது. அந்த ஆள் சிரிக்காமல் இருந்ததுதான் இன்னும் உறுத்துகிறது.

நடை நிறைய விஷயம் சொல்லும். பூனை இனம் பெரும்பாலும் நடக்கும், நாயினம் பெரும்பாலும் துள்ளோட்டமாகப் போகும். நிதானமாக நடக்கும் பூனை பின்னங்காலை முன்னங்கால் வைத்த இடத்திலேயே, அல்லது அதை ஒட்டிச் சற்று முன்னால் வைக்கும். ஓநாயும் நரியும் இடம்பெயரும்போது கயிறு பிடித்தாற்போல நேர்கோட்டில் போகும். அதற்கு வேலை இருக்கிறது, தூரம் கடக்க வேண்டும். வீட்டு நாய்க்கு அப்படி எந்த அவசரமும் இல்லை. புதருக்குப் போகும், திரும்பி வரும், மோப்பம் பிடிக்கும், காரணமில்லாமல் பத்தடி ஓடும். அதன் தடவரிசையைப் பார்த்தால் சக்தி வீணாகிறதே என்று தோன்றும். பின்னங்கால் முன்னங்கால் தடத்தின் மேல் சரியாக உட்காராமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுவதும் வீட்டு நாயின் பழக்கம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. முன்னங்கால் தடத்தின் மேல் பின்னங்கால் பாதி ஏறி விழுந்தால் இரண்டும் சேர்ந்து ஆறு விரலுள்ள, மிக நீண்ட, உலகில் இல்லாத ஒரு விலங்கின் தடமாகத் தெரியும். ‘பெரிய புலி’ என்று எனக்கு வரும் படங்களில் கணிசமானவை இந்த வகை. விரல்களை எண்ணுங்கள். நான்குக்கு மேல் இருந்தால் ஒன்று இரட்டைத் தடம், இல்லையென்றால் இது நாயும் இல்லை பூனையும் இல்லை. கரடி, நீர்நாய், கீரி, மரநாய் எல்லாம் ஐந்து விரல்காரர்கள், ஐந்தாவது சில நேரம் மங்கலாக விழும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நான்கு விரலும் நகமும் உள்ள இன்னொரு விலங்கு கழுதைப்புலி. உறவு முறையில் அது நாயைவிடப் பூனைக்குத்தான் நெருக்கம், தடமோ பார்ப்பதற்கு நாய் மாதிரி. முன்னங்கால் தடம் பின்னங்கால் தடத்தைவிடக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரியதாக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு வேறு விலங்கு போனது போலவே இருக்கும். இதற்கும் தடவரிசை வேண்டும், ஒற்றைத் தடத்தில் பிடிபடாது.

தடத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்கு இந்தியப் புலிக் கணக்கெடுப்பே நல்ல உதாரணம். 1972இல் நாடு முழுக்க எடுத்த கணக்கு காலடித் தடங்களை வைத்துத்தான் நடந்தது, 1,827 புலிகள் என்று வந்தது. வனத்துறை அதிகாரி சரோஜ் ராஜ் சௌத்ரி வகுத்த முறை அது. தடத்தின் மேல் கண்ணாடி வைத்து வரைந்து, ஒவ்வொரு வரைபடத்தையும் ஒப்பிட்டு, இது தனிப் புலி, இது முன்பு பார்த்த அதே புலி என்று பிரித்தார்கள். பல பத்தாண்டுகள் அதே முறை ஓடியது. ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் கணக்கில் இருந்த புலிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று 2005இல் வெளியானபோது அந்த முறையின் மேல் இருந்த நம்பிக்கை உடைந்தது. அதன்பின் தேசிய மதிப்பீடு தானியங்கிக் கேமராக்களுக்கும் உடல் வரிகளை ஒப்பிடும் முறைக்கும் மாறியது. தடத்தை வைத்துப் புலியா நாயா என்று சொல்வதில் அங்கே பிரச்சினை இல்லை. ஒரே புலி மணலில் ஒரு மாதிரியும் சேற்றில் வேறு மாதிரியும் பதியும்போது, இன்ன புலி என்று பெயர் சொல்லப் போனதில்தான் பிரச்சினை. ஆகவே உங்கள் குளத்தோரத் தடம் எந்தக் குடும்பம் என்று தாராளமாகக் கேளுங்கள். போன வாரம் வந்த அதே விலங்கா என்று மட்டும் கேட்காதீர்கள்.

பார்க்கும் நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உச்சி வெயிலில் நல்ல தடமும் மறைந்துவிடும், நிழல் இல்லாததால் பள்ளம் தெரியாது. காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்து மணிக்கோ, தடம் உங்களுக்கும் சூரியனுக்கும் நடுவே வரும்படி நில்லுங்கள். அதுவரை இல்லாத திண்டின் புடைப்புகள் எழுந்து வரும். மேகமூட்டமாக இருந்தால் டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்து அடியுங்கள். படமெடுக்கும்போது நேர் மேலிருந்து எடுங்கள், பக்கத்தில் அளவுகோல் வையுங்கள், அது இல்லாவிட்டால் நீளம் தெரிந்த ஒரு பேனா. சாய்வாக எடுத்த படத்தில் வட்டம் நீள்வட்டமாகும், நீள்வட்டம் வட்டமாகும், அதை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

தடம் எவ்வளவு பழையது என்பதற்கு மந்திரம் கிடையாது. கடைசி மழை எப்போது நின்றது என்று தெரிந்தால் போதும். தடத்துக்குள் மழைப்புள்ளிகள் இருந்தால் மழைக்கு முன், மழைப்புள்ளிகளை மிதித்து நசுக்கியிருந்தால் பின். தடத்தின் குறுக்கே எறும்போ வண்டோ ஊர்ந்த கோடு இருந்தால் விலங்கு போய் நேரமாகிவிட்டது. விளிம்பு கத்தி போல நிற்கிறது, உள்ளே இன்னும் ஈரம் மினுங்குகிறது என்றால் அது பூனைத் தடமாக இருக்கும் பட்சத்தில் அங்கே அதிக நேரம் குந்தியிருக்க வேண்டாம். தொடர்ந்து பார்க்க ஆசையாக இருந்தால் விரல்கள் காட்டும் திசைக்கு எதிர்ப்புறமாகப் போங்கள், அது வந்த வழியே. அதிலும் தெரிந்துகொள்ள அதே அளவு விஷயம் இருக்கும், விலங்கை நேரில் சந்திக்கும் வாய்ப்பும் குறைவு.

அப்புறம், உங்கள் படம். சாய்வாக எடுத்திருக்கிறீர்கள், அதனால் 8 செ.மீ. என்ற எண்ணை நான் ஓரமாக வைத்துவிட்டேன். வெளி இரண்டு விரல்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன, முன் இரண்டில் எதுவும் மற்றதை முந்தவில்லை. இடதா வலதா என்று நான் இரண்டு நிமிடம் பார்த்தும் சொல்ல முடியவில்லை. திண்டின் முன்பக்கம் ஒரே குவிமேடு. நடுவில் மண் எழும்பியிருக்கிறது, காய்ந்து வெடித்திருந்தாலும் நன்றாகத் தெரிகிறது. கனத்த நாய் ஒன்றின் முன்னங்கால் என்றுதான் படுகிறது. படத்தின் இடது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு இன்னொரு தடம் இருக்கிறதே, அதை நீங்கள் கவனிக்கவில்லை போலிருக்கிறது. பெரிதாக்கிப் பாருங்கள், இரண்டு முன்விரல்களுக்கும் நேர் எதிரே மழுங்கிய இரண்டு குழிகள் இருக்கின்றன.